ஒரு சொல்லின் மேல் நின்ற தொழில்

விளையாட்டு என்பது சிறுவர்க்குரியது. பெரியோர்க்கு அது வெறும் பொழுதுபோக்கு. அதற்கப்பால் அதிற் பேசுவதற்கு யாதுமில்லை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். ஆனால், விளையாட்டு விதிகளை எழுதி, அச்சிட்டு, விற்றே குடும்பம் நடத்துவோரும் உலகில் இருக்கின்றனர். அவர்களுட் பலருடைய பிழைப்பு 2023ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரேயொரு சொல்லின் பொருளைப் பற்றிக்கொண்டு ஊசலாடியது. அந்தச் சொல் யாது, அது எங்கிருந்து வந்தது, பின்னர் என்ன நேர்ந்தது என்பவற்றையே இவ்வாரம் வாசகர்களுக்குக் கூற எண்ணினோம்.

முதலில் விளையாட்டு இன்னதென்று சொல்லிவிடுதல் வேண்டும். நம் வீடுகளில் ஆடப்படும் தாயம் போன்றதன்று இது. காய் நகர்த்தும் கட்டங்கள் இதற்கு இன்றியமையாதன அல்ல. வென்றவர், தோற்றவர் என்ற பேச்சும் இல்லை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவர்களுள் ஒருவர் கதையை நடத்துபவர். மற்றையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர்: ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, இன்னொருவர் பூட்டுத் திறப்பதில் வல்ல கள்வர். "உங்கள் முன்னே பாழடைந்த கோட்டையொன்று நிற்கின்றது. கதவு உள்ளே தாழிடப்பட்டிருக்கின்றது. என்ன செய்யப் போகின்றீர்கள்?" என்று நடத்துநர் கேட்பார். அவரவர் தத்தம் பாத்திரத்துக்கேற்ப விடை சொல்வர். காரியம் கைகூடுமோ கூடாதோ என்ற ஐயம் எழுமிடத்துப் பகடை உருட்டுவர். நாலு முகம், ஆறு முகம், எட்டு முகம் எனப் பகடைகள் பல உண்டு. அவற்றுள் இருபது முகங்கொண்டதே பேர்போனது. ஆட்டம் ஓரிரவில் முடியலாம். ஆண்டுக்கணக்கில் தொடரவுங் கூடும். முடிவில் எஞ்சுவது, அந்த நாலைந்து பேரும் கூடிக் கட்டிய கதையொன்றே.

சப்பாத்துத் திருத்தியவர் எழுதிய நூல்

இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாயாக விளங்குவது 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. நிலவறைகளும் நெருப்புமிழ் நாகங்களும் என்று அப்பெயரைத் தமிழிற் சொல்லலாம். அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. அதன் ஆசிரியர் இருவர். ஒருவர் கேரி கைகாக்ஸ். காப்புறுதிக் கம்பனியொன்றில் வேலை பார்த்தவர், அவ்வேலை போனபின் சப்பாத்துத் திருத்திச் சீவித்தவர். மற்றவர் மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன். படைகளை நகர்த்தும் போர் விளையாட்டில், படைக்குப் பதிலாக ஆளுக்கொரு மனிதனை நடத்தினால் என்னவென்று ஆடிப்பார்த்தவர் இவரே. மூன்று சிறு கைந்நூல்கள், ஒரு பெட்டி, விலை 10 டொலர். முதற்பதிப்பில் 1,000 பிரதிகள் மாத்திரமே அச்சாயின. பிரசுரஞ் செய்த ரீ.எஸ்.ஆர். என்னும் நிறுவனம், கைகாக்ஸ் தம் நண்பரொருவருடன் கூடித் தொடங்கியதாகும்.

இவ்வாட்டம் பிறரிடமிருந்து எடுத்தவையும் குறைவல்ல. ரோல்கியன் என்னும் ஆங்கிலப் பேராசிரியரின் கதைகளில் வரும் 'ஹொபிற்' என்ற குள்ள இனத்தாரை முதற்பதிப்பு பெயரோடேயே எடுத்தாண்டது. உரிமைகாரர் ஆட்சேபித்த பின்னரே அப்பெயர் 'ஹாவ்லிங்' என மாறிற்று. ஆந்தைத் தலையும் கரடியுடலும் கொண்ட பேர்பெற்ற பூதமொன்றும் இதில் உண்டு. அது, கைகாக்ஸ் மலிவுக் கடையில் வாங்கிய ஹொங்கொங் பிளாஸ்ரிக் பொம்மையொன்றைப் பார்த்து உருவானது என்பர். இரவல் வாங்கி எழுந்த வீடுதான் இது. ஆயினும் எழுந்தபின் தன் வேலியை அது உயரக் கட்டிக்கொண்டது.

1979ஆம் ஆண்டில் ஆர்னசன் தமக்குரிய பங்கைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். 1981ஆம் ஆண்டில் இணக்கம் ஏற்பட்டது. கைகாக்ஸும் 1980களின் நடுப்பகுதியில் நிறுவனத்தின் அதிகாரத்தை இழந்து வெளியேறினார். 1992ஆம் ஆண்டில் அவர் வேறொரு பிரசுரகர்த்தர் மூலம் புதிய விளையாட்டொன்றை வெளியிட்டபோது, ரீ.எஸ்.ஆர். அதன்மேல் வழக்குப் போட்டது. தாம் பெற்று வளர்த்த நிறுவனமே தம் புதுப்படைப்பை மறிக்கக் கண்டார் அவர். ஈற்றில் இணக்கத்தின் பேரில் அவ்விளையாட்டின் உரிமையும் ரீ.எஸ்.ஆரிடமே போய்ச் சேர்ந்தது. ஆர்வலர்கள் தாம் எழுதிய சிறு கதைகளையும் பூத வருணனைகளையும் தம்முட் பகிர்ந்துகொண்டதைக்கூட அந்நிறுவனம் 1990களில் வெறுத்தது.

இவ்விடத்தில் சட்டமாணவர் ஒருவர் நம்மைத் தடுத்து, "விளையாட்டு விதிக்குப் பதிப்புரிமை உண்டா?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. இல்லை என்பதே விடை. அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 1879ஆம் ஆண்டிலேயே, கணக்குப் பதியும் முறையைப் பற்றிய வழக்கொன்றில் இந்நெறியை வகுத்துவிட்டது. நூலின் வாசகங்கள் ஆசிரியருடையவை. அந்நூல் கற்பிக்கும் முறை எவருக்கும் பொது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் எண்ணங்களையும் முறைகளையும் பதிப்புரிமைக்குப் புறம்பானவை என்றே கொள்கின்றது. ஆகவே, 'இருபது முகப் பகடையை உருட்டு, வலிமையைக் கூட்டு' என்ற விதியை எவரும் கையாளலாம். ஆனால், மந்திரம் ஒவ்வொன்றுக்கும் பெயரும் விளக்கமும், பூதம் ஒவ்வொன்றுக்கும் உருவமும் குணமும் என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் விரியும்போது, எங்கே முறை முடிகின்றது, எங்கே வாசகம் தொடங்குகின்றது என்று யார் வரம்பு கட்டுவது? வழக்கில் வெல்லலாம். வெல்லுமுன் வீட்டை விற்க நேரும். சிறு பிரசுரகர்த்தரை அடக்கி வைத்தது சட்டமன்று, சட்டத்தரணியின் கட்டணமே.

கதவு திறந்தது

1997ஆம் ஆண்டில், கடனில் மூழ்கியிருந்த ரீ.எஸ்.ஆரை 'விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ட்' என்ற நிறுவனம் வாங்கிற்று. 'மஜிக்' என்னும் சீட்டு விளையாட்டினாற் பெருஞ்செல்வம் ஈட்டிய நிறுவனம் அது. 1999ஆம் ஆண்டில் ஹாஸ்ப்ரோ என்ற பெரும் விளையாட்டுப்பொருட் கம்பனி அதனையும் வாங்கிக்கொண்டது. மூன்றாம் பதிப்பு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, அங்கு பொறுப்பிலிருந்த ரயன் டான்சி என்பவர் வியாபார உலகம் வியக்கும் காரியமொன்றைச் செய்தார். ஆட்டத்தின் அடிப்படை விதித் தொகுப்பை எவரும் எடுத்து, மாற்றி, தம் நூலில் அச்சிட்டு, விற்றுக்கொள்ளலாம். ஒரு சதமும் தரவேண்டியதில்லை என்று எழுதிக் கொடுத்தார். 'திறந்த விளையாட்டு அனுமதிப்பத்திரம்' என்பது அதன் பெயர்.

தருமஞ் செய்யும் எண்ணமன்று இது. கணினித் துறையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989ஆம் ஆண்டிலேயே பொது அனுமதிப்பத்திரமொன்றை வகுத்து, செய்நிரல்களை எல்லோருக்கும் திறந்து விட்டிருந்தார். டான்சி அதனை நன்கு படித்தவர். ஒரே விதியை அறிந்தவர் எத்துணை பேர் பெருகுகின்றனரோ அத்துணைக்கு அவ்விதிநூல் விலைபோகும். கதைப் புத்தகங்களில் இலாபம் குறைவு. அவற்றைச் சிறியோர் எழுதட்டும், விதிநூலை நாம் விற்போம் என்பதே அவர் கணக்கு. அதனாலென்ன? சுயநலத்தினாலே திறந்த கதவென்றாலும் கதவு திறந்துதான் இருந்தது.

அப்பத்திரத்தில் நம் மனத்தைக் கவர்ந்த நிபந்தனையொன்று உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் பத்திரம் முழுவதையும் தம் நூலில் அச்சிடல் வேண்டும். அதன் 15ஆம் பிரிவில், தாம் எந்த எந்த நூலிலிருந்து எடுத்தார்களோ அந்நூல்களின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் வரிசையாகக் குறித்தல் வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் எடுக்க, அவர் எழுதியதை வேறொருவர் எடுக்க, அவ்வரிசை குடும்ப வமிசாவளி போல நீண்டுகொண்டே போயிற்று. சிறிய எழுத்தில் ஒரு முழுப்பக்கம் நிரம்பிய நூல்களும் உண்டு.

இதனோடு இரண்டாவது பத்திரம் ஒன்றும் இருந்தது. அது அட்டையிற் பொறிக்கும் வியாபாரக் குறிக்கானது. அதனை நிறுவனம் நினைத்தபோது மாற்றலாம், நிறுத்தலாம். 2003ஆம் ஆண்டில், குடும்பப் பத்திரிகையில் விவரிக்கத் தகாத நூலொன்று தயாராகின்றது என்று கேள்வியுற்ற நிறுவனம், குறியின் நிபந்தனைகளிற் கண்ணியத்தைச் சேர்த்தது. நூல் நின்றுவிடவில்லை, குறி மாத்திரம் இல்லாது வெளிவந்தது. குறி வேறு, விதி வேறு என்பது அன்றே தெளிவாயிற்று. அக்காலத்திற் கடைகளில் வந்து குவிந்த நூல்களில் நல்லனவும் இருந்தன, வெறுங் கடதாசியும் இருந்தது. அதே 2003இல் நிறுவனம் தன் விதிகளைத் திருத்திப் புதுப்பதிப்பை வெளியிட்டது. பழைய விதிக்கு எழுதிய கட்டுகள் தேங்கின; சிறு பிரசுரகர்த்தர் பலர் கடையை மூடினர்.

ஆயினும் திறந்த பத்திரத்தின் வலிமை 2008ஆம் ஆண்டிலேதான் தெரிந்தது. நான்காம் பதிப்பை வெளியிட்ட நிறுவனம், இம்முறை இறுக்கமான வேறொரு பத்திரத்தைத் தந்தது. அதுகாறும் அந்நிறுவனத்துக்காகவே மாதப் பத்திரிகைகளை நடத்திவந்த 'பைசோ' என்னும் சிறு நிறுவனம், பத்திரிகைகளும் கையைவிட்டுப் போனமையால், வாழ வழிதேடி நின்றது. பழைய விதிகள் எவர்க்கும் பொது அல்லவா? அவற்றையே செப்பனிட்டு 'பாத்பைண்டர்' என்ற பெயரில் 2009ஆம் ஆண்டில் அது வெளியிட்டது. புதிய பதிப்பை விரும்பாத ஆட்டக்காரர் திரண்டு அப்பக்கம் சென்றனர். கொடுத்த கையை எதிர்த்தே கொடை நின்றது.

தனித்தெழுந்தோர்

பெரிய நிறுவனத்தை அண்டாது தம் வழியிற் சென்றோரையும் இங்கே கூறாதொழிய இயலாது. வின்சன்ட் பேக்கர், மெகுவே பேக்கர் என்னும் தம்பதியர் 2010ஆம் ஆண்டில் 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். இதில் ஆறுமுகப் பகடை இரண்டே போதும். பத்தும் அதற்கு மேலும் விழுந்தால் நினைத்தது நடக்கும். ஏழு முதல் ஒன்பது வரை விழுந்தால் நடக்கும், ஆனால் ஏதாவது ஒன்றை இழக்க நேரும். அதற்குக் குறைந்தால் வில்லங்கம். அந்த நடுப்படிதான் அதன் அழகு. இதைத் தழுவி எழுதப்பட்ட ஆட்டங்கள் எண்ணிறந்தன. அவற்றுக்கெல்லாம் பேக்கர் தம்பதியர் பத்திரம் எதனையும் எழுதிக் கொடுக்கவில்லை. எங்கள் வாசகங்களை எடுப்பதாயின் எம்மைக் கேளுங்கள், முறையை எடுப்பதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. 1879ஆம் ஆண்டுத் தீர்ப்பை இவர்களைப் போல நேராக விளங்கிக்கொண்டவர் அரியர்.

'பேட்' என்னும் ஆட்டத்தார் வேறு வழியை நாடினர். தம் புதிய பதிப்புக்காக 2012ஆம் ஆண்டின் கடைசியில் ஆட்டக்காரரிடமே முன்பணம் கேட்டனர். கேட்டது 3,000 டொலர். சேர்ந்தது 4 இலட்சத்து 33 ஆயிரம் டொலருக்கு மேல். பின்னர் விதிகளை 'கிரியேட்டிவ் கொமன்ஸ்' என்னும் பொது அனுமதியின் கீழ் விட்டனர். பெயரைக் குறித்தாற் போதும், எவரும் எடுக்கலாம். ஜோன் ஹாப்பர் என்பவர் 2013ஆம் ஆண்டில் எழுதிய விண்வெளி ஆட்டமொன்றின் விதிகள் முழுவதும் ஒரேயொரு பக்கத்தில் அடங்கிவிட்டன. அதன் அமைப்பைப் பின்பற்றி எழுந்த ஒற்றைப்பக்க ஆட்டங்கள் மிகப் பல. கையிற் பணமில்லாத மாணவர்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஜனவரி மாதத்து மூன்று கிழமைகள்

2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு முன்னெப்போதும் இல்லாதவாறு பரவிற்று. நிறுவனம் பழைய திறந்த பத்திரத்துக்கே மீண்டு, 2016ஆம் ஆண்டில் இப்பதிப்பின் விதித் தொகுப்பையும் அதன் கீழ் விட்டது. ஆனால், 2022ஆம் ஆண்டின் இறுதியில், இவ்விளையாட்டின் பேருக்கேற்ற வருவாய் இல்லை என்று நிறுவனத்தின் தலைமை முதலீட்டாளரிடம் பேசத் தொடங்கிற்று.

2023 ஜனவரி 5ஆந் தேதி, அந்நிறுவனம் மறைவாகத் தயாரித்திருந்த புதுப் பத்திரத்தின் நகலைப் பற்றிச் செய்தி வெளியாயிற்று. ஆண்டுக்கு 50,000 டொலருக்கு மேல் ஈட்டுவோர் கணக்குக் காட்டவேண்டும். 7 இலட்சத்து 50 ஆயிரம் டொலரைத் தாண்டினால், தாண்டிய வரவில் நூற்றுக்கு 25 வரை உரிமைப்பங்கு செலுத்தவேண்டும். இலாபத்தில் அன்று, வரவில். புத்தகத் தொழிலை அறிந்தவர் இதன் பாரத்தை உணர்வர். அச்சுக்கூலியும் ஓவியர் கூலியும் போக நூற்றுக்கு 25 எங்கே மிஞ்சுகின்றது? இத்தொகையை எட்டுவோர் உலகில் இருபதுபேர்கூட இல்லையென்று நிறுவனம் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அந்நகலிலிருந்த வேறொரு வாசகம் எல்லோரையும் தொட்டது: பழைய பத்திரம் இனிமேல் அங்கீகரிக்கப்பட்டதன்று.

அந்தச் சொல் இதுவே. 2000ஆம் ஆண்டுப் பத்திரத்தின் 9ஆம் பிரிவு, 'அங்கீகரிக்கப்பட்ட' எப்பதிப்பையும் பயன்படுத்தலாம் என்று கூறியிருந்தது. பத்திரம் நிரந்தரமானது என்றும் எழுதப்பட்டிருந்தது. ஆனால், மீளப்பெற முடியாதது என்ற சொல் அதிலே இல்லை. அக்காலத்து மென்பொருட் பத்திரங்களிலும் அச்சொல் வழக்கில் இருக்கவில்லை. ஒருவரும் வேண்டுமென்று விட்டதன்று. மீளப்பெறும் நோக்கம் என்றுமே இருந்ததில்லை என்று டான்சி வெளிப்படையாகக் கூறினார். பத்திரம் மாறினாலும் பழைய பதிப்பையே கைக்கொள்ளலாம் என்று அந்நிறுவனம் முன்னாளில் தானே விளக்கம் எழுதியிருந்தது. ஆனால் விளக்கம் வேறு, பத்திரம் வேறு. காணிக்கு உறுதி எழுதிப் பழகிய நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நகலில் இருந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிறர் எழுதும் புதுப் படைப்புகளை நிறுவனம் தானும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையை அது கேட்டது. அவ்வுரிமை நிரந்தரமானது, மீளப்பெற முடியாதது என்று அங்கே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. கொடுக்கும்போது மறந்த சொல் வாங்கும்போது நினைவுக்கு வந்ததுபோலும்!

பின் நடந்தவை வேகமாக நடந்தன. பல்லாயிரவர் ஆட்சேப மடலிற் கையொப்பமிட்டனர். நிறுவனத்தின் இணையச் சேவைக்குச் சந்தா செலுத்தியோர் பலர் அதனை நிறுத்தினர். முந்திய ஆண்டிலேதான் அச்சேவையை 14 கோடியே 60 இலட்சம் டொலருக்கு மேற் கொடுத்து ஹாஸ்ப்ரோ வாங்கியிருந்தது. விளையாட்டை வைத்து எடுத்த பெரிய திரைப்படமோ மார்ச்சு மாதத்தில் வெளிவரக் காத்திருந்தது. ஜனவரி 12ஆந் தேதி பைசோ நிறுவனம், எந்த ஒரு கம்பனியின் கையிலும் இல்லாத புதிய பொதுப் பத்திரமொன்று எழுதப்படும் என அறிவித்தது. அதனை எழுதும் பொறுப்பேற்ற சட்ட நிறுவனத்தின் தாபகருள் ஒருவர், பழைய பத்திரம் பிறந்த காலத்தில் விசார்ட்ஸிற் சட்டத்தரணியாக இருந்தவர். எட்டு மாதத்துக்குப் போதுமென்று பைசோ வைத்திருந்த விதிநூல்கள் இரண்டு கிழமைகளில் விற்றுத் தீர்ந்தன.

நிறுவனம் ஒரு படி இறங்கி, திருத்திய நகலொன்றைக் காட்டி, அபிப்பிராயம் கேட்டது. விடையளித்தோர் 15,000 பேருக்கு மேல். அவர்களுள் நூற்றுக்கு 88 பேர் அதன் கீழ் எழுதோம் என்றனர். ஜனவரி 27ஆந் தேதி அறிவிப்பு வந்தது: பழைய பத்திரத்திற் கைவைக்கப் போவதில்லை, அதற்கு மேலாக, ஐந்தாம் பதிப்பின் விதித் தொகுப்பு முழுவதையும் கிரியேட்டிவ் கொமன்ஸ் அனுமதியின் கீழ் விடுகின்றோம். அவ்வனுமதி நிறுவனத்துக்கு உரியதன்று. மீளப்பெற முடியாதது என்ற சொல்லும் அதில் உண்டு. கேட்டதைக் காட்டிலும் கூடுதலாகவே கிடைத்தது.

என்றாலும் போனவர் திரும்பவில்லை. பைசோவின் ஓர்க் என்னும் பொதுப் பத்திரம் 2023ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் நிறைவெய்தியது. அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து பாத்பைண்டர் நூல்கள் அப்பத்திரத்தின் கீழ் மறுபடி எழுதப்பட்டன. பழைய தொகுப்பிலிருந்து வந்த நிறநிறமான நாகங்களையும் மந்திரப் பிரிவுகளையும் நீக்கிப் புதியவற்றை வைத்தனர். பதினைந்து ஆண்டு குடியிருந்த வீட்டிலிருந்து சாமான்களைத் தெரிந்தெடுத்து வெளியேறுவது போன்ற வேலை. கோபோல்ட் பிரஸ் என்ற நிறுவனமும் தனக்கென ஒரு விதிநூலை எழுதி 2024ஆம் ஆண்டில் வெளியிட்டது. விசார்ட்ஸும் தன் சொல்லைக் காத்தது. திருத்திய விதிகளின் தொகுப்பை 2025 ஏப்பிரலில் அதே பொது அனுமதியின் கீழ் விட்டது.

இப்போது எழுதுவோர் பழைய வமிசாவளிப் பக்கத்தை அச்சிட வேண்டியதில்லை. இன்ன தொகுப்பிலிருந்து எடுத்தோம், அது விசார்ட்ஸ் நிறுவனத்தினுடையது என்று ஓரிரு வாக்கியம் போட்டாற் போதும். வசதிதான். ஆனால், பழைய நூலொன்று கிடைத்தால் வாசகர்கள் அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். பெயர்களின் நெடுவரிசையில், விதித் தொகுப்பைக் குறிக்கும் வரி, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் எழுதியவற்றை ஆதாரமாகக் கொண்டது என்று முடியும். கைகாக்ஸ் 2008ஆம் ஆண்டிலும் ஆர்னசன் 2009ஆம் ஆண்டிலும் காலமாயினர். வழக்காடிப் பிரிந்த இருவரும் அந்த வரியில் மாத்திரம் அடுத்தடுத்து நிற்கின்றனர். புதிய வாக்கியத்தில் அவ்விரு பெயர்களும் இல்லை.